ஐந்தாம் தொட்டியில் தெரிந்த எண்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏதோ விழாவாம், ஓய்வு பெற்றவர்களை எல்லாம் கூப்பிடுகிறார்களாம். சாயா போட்டுக் கொடுத்துவிட்டு வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். கெர்னலில் மெமரி முகவரிகளைப் பங்கிடும் பகுதி முழுவதையும் செயற்கை அறிவு மெஷினே திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டது, முன்பைவிட நல்ல வேகம், சோதனைகள் எல்லாம் பச்சை என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த தட்டு ஆடி இரண்டு முறுக்கு தரையில் விழுந்தது. மேடத்துக்கு உடம்பு சுகமில்லையோ என்று இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஏலூரில் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர்களை நான் விடவில்லை. பாவம், சாயா ஆறிப்போயிற்று. அந்த வாரமே எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். கோலத்தைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது கெர்னல்தான். அதனால் அந்தப் பெண்களிடம் சொன்னதையே எழுதிக் கொடுக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுக்கு நான்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் படித்தது இயற்பியல். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கம்ப்யூட்டரையே தொட்டேன். அடுத்தவர் எழுதியதில் பிழை தேடுவதில் சில வருடங்கள் போயின, அப்புறம் கெர்னல் பிரிவில் போட்டார்கள். கம்ப்யூட்டரில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்து, யாருக்கு எந்த இடம், யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் நிரல்தான் கெர்னல். சொந்தக்காரர்கள் கோமதிக்கு என்ன வேலை என்று கேட்டால், அம்மா “அவ எல்லாருக்கும் எடம் ஒதுக்கிக் குடுக்கறா” என்பாள். ரயில்வேயில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் கேட்டவர்களும் உண்டு. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அம்மாவைவிட நன்றாக அந்த வேலையை விளக்கியவர்கள் யாரும் இல்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் வைத்தி சார். திருப்பூணித்துறைக்காரர், பாலக்காட்டுத் தமிழ். வேட்டி மடிப்பு மாதிரி நறுக்கென்று இருப்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. குரலைத் தாழ்த்தினால்தான் நாங்கள் பயப்படுவோம். எழுதிய நிரலைத் திரையில் காட்டினால் பார்க்க மாட்டார். “வேண்டாம், நடிச்சுக் காட்டுங்கோ” என்பார். முதல் தடவை கேட்டபோது வேடிக்கை பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே நடிக்க வேண்டியிருந்தது.

அது இப்படி. மேஜைமேல் எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைப்பார். ஒவ்வொரு டம்ளரும் மெமரியில் ஒரு இடம், நாங்கள் பக்கம் என்போம். சுற்றி நிற்கிற நாங்கள் கோர்கள், அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வேலையாட்கள். ஒவ்வொருவர் கையிலும் தன் டம்ளர் எது என்று எழுதிய துண்டுச் சீட்டு. நிஜமான கோரும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் முகவரியைத் தேடாமல் கடைசியாகப் பார்த்ததை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளும். ஒரு டம்ளரைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுப்பதற்கு முன் வைத்தி சார் “காலி” என்பார். அந்த டம்ளரின் சீட்டு யார் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் எல்லோரும் சீட்டைக் கிழித்துவிட்டு “ஆச்சு” என்று சொல்ல வேண்டும். கடைசி ஆளும் சொன்ன பிறகுதான் டம்ளரைக் கழுவி அடுத்தவருக்கு ஊற்றலாம்.

அவசரப்பட்டு யாராவது டம்ளரில் கை வைத்தால் போச்சு. “என்ன அவசரம்? இன்னும் ஒருத்தர் ஆச்சு சொல்லலையாக்கும்” என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வெளியே இருந்து பார்த்தவர்கள் கெர்னல் பிரிவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அந்த நாடகத்தில் பிடிபட்ட பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் கெர்னல் ஓடியது ஆலைகளின் எச்சரிக்கைப் பலகைகளில். தொட்டிக்குத் தொட்டி ஒரு கருவி தொங்கும், உள்ளே ஆக்ஸிஜன் எவ்வளவு, விஷவாயு எவ்வளவு என்று அளந்து அனுப்பும். கட்டுப்பாட்டு அறைப் பலகையில் தொட்டியின் எண்ணுக்கு நேரே அந்த அளவு தெரியும். ஆள் இறங்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. அதே விளக்கு தொட்டியின் வாயிலும் எரியும். முன்பெல்லாம் பாதுகாப்பு அதிகாரி கையில் ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போவார். அந்த மீட்டருக்குப் பதிலாகத்தான் எங்கள் பலகை வந்தது.

கருவிகள் கூடக்கூடப் பலகை திணற ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கத்தைத் திரும்ப வாங்கும்போதும் எல்லாக் கோர்களும் வேலையை நிறுத்திவிட்டு ஆச்சு சொல்ல வேண்டும் இல்லையா, அதிலேயே பாதி நேரம் போயிற்று. எச்சரிக்கைகள் தாமதமாக வந்தன. எச்சரிக்கை தாமதமானால் ஆள் போய்விடுவான், விளையாட்டில்லை. எங்களில் சாமர்த்தியமான ஷாநவாஸ் ஒரு வழி சொன்னான். தோப்பும்படிக்காரன், என்னைவிடப் பல வருடம் இளையவன். சும்மா தூங்குகிற கோரை எதற்குத் தட்டி எழுப்பிச் சீட்டைக் கிழிக்கச் சொல்ல வேண்டும்? அது தானாக எழுந்திருக்கும்போது, முதல் வேலையாகச் சீட்டைக் கிழித்துக்கொள்ளட்டுமே. கேட்கவே அழகாக இருந்தது. இதே மாதிரி யோசனைகள் பெரிய கெர்னல்களிலும் உண்டு.

வைத்தி சார் வழக்கம்போல நடிக்கச் சொன்னார். நடித்தோம், தப்பே வரவில்லை. சோதனை மெஷின்களில் வாரக்கணக்கில் ஓட்டினோம். அந்தச் சோதனைக் கெர்னலில் பெயிண்டர் என்று ஒரு சின்ன நிரல் வைத்திருந்தோம். காலியான ஒவ்வொரு பக்கத்திலும் குப்பை எண்களைப் பூசி வைக்கும். யாராவது பழைய சீட்டை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் குப்பை வரும், உடனே மாட்டிக்கொள்வார்கள். வைத்தி சாரின் யோசனைதான், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேகத்தைத் தின்னும் என்பதால் ஆலைக்கு அனுப்பும்போது மட்டும் பெயிண்டரை எடுத்துவிடுவோம். சோதனையில் ஒரு குப்பைகூட வரவில்லை. பலகை மின்னல் மாதிரி ஓடியது, எச்சரிக்கைகள் கணத்தில் வந்தன. ஷாநவாஸ் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

ஏலூரில் ஒரு ரசாயன ஆலை. பெயர் வேண்டாம். புதிய கெர்னலை அங்கே போட்ட சில மாதங்களில் ஷட்டவுன் வந்தது. ஆலையை முழுவதும் நிறுத்திவிட்டு, தொட்டிகளுக்குள் ஆட்களை இறக்கிச் சுரண்டிக் கழுவுவார்கள். கெர்னலை மாற்றினால், மாற்றிய பிரிவிலிருந்து ஒருவர் முதல் ஷட்டவுனின்போது பலகை முன்னால் போய் உட்கார வேண்டும் என்பது வைத்தி சாரின் சட்டம். ஷாநவாஸுக்குக் காய்ச்சல். அதனால் நான் போனேன்.

தொட்டிகளுக்குள் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் நிரப்பி வைப்பார்கள். ஆள் இறங்கும் முன் பெரிய விசிறியால் வெளிக்காற்றை ஊதி அதை விரட்ட வேண்டும். விரட்டாமல் இறங்கினால் தீர்ந்தது. நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, நெடி இல்லை. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, நின்ற இடத்தில் கால் மடங்கிவிடும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஜோஸ் சேட்டன். ரொம்பக் கண்டிப்பானவர். இடுப்பில் பட்டையும் கயிறும் மாட்டாமல் ஒருவரையும் தொட்டிப் பக்கம் விடமாட்டார். கயிறு மேலே மூன்று கால் சட்டத்தில் தொங்கும் கப்பி வழியாக வரும்.

வீட்டுக்குப் போனில் நான் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். பெயர் செல்லையா. தென்காசிப் பக்கம், இங்கே வந்து பல வருடம் ஆகிவிட்டதாம், ஒப்பந்தத் தொழிலாளி. “அக்கா தமிழா? பேசுறதக் கேட்டா பாதி மலையாளமா இருக்கே” என்று கிண்டல் பண்ணினார். மூன்று தலைமுறை மட்டாஞ்சேரியில் இருந்தால் அப்படித்தான் வரும் தம்பி என்றேன். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும், கூரை போட்டதும் இந்த வேலையை விட்டுவிட்டு ஒரு ஆட்டோ வாங்கி ஓட்டப்போவதாகவும் சொன்னார். தொட்டிக்குள் இறங்கப் பயமாக இல்லையா என்று கேட்டேன். பச்சை எரிந்தால் இறங்குவேன், எரியாவிட்டால் யார் சொன்னாலும் இறங்கமாட்டேன், அவ்வளவுதான் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பச்சை அல்லவா.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தொட்டியும் ஐந்தாம் தொட்டியும் பச்சை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், மூன்றாம் தொட்டியின் வாயில் ஜோஸ் சேட்டன் குனிந்து கருவியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அதன்மேல் மூச்சு விட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம். நாம் வெளியே விடும் மூச்சில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் எண் கொஞ்சம் இறங்கி ஏறும். அவர் ஊதினார். பலகையில் மூன்றுக்கு நேரே எண் இறங்கியது. ஐந்துக்கு நேரேயும் இறங்கியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டேன். அவர் மறுபடி ஊதினார். இரண்டும் சேர்ந்து இறங்கின, சேர்ந்து ஏறின, கடைசி இலக்கம் வரை. ஐந்தாம் தொட்டியின் கருவி அங்கே ஐந்தாம் தொட்டிக்குள் தொங்குகிறது. இவர் இங்கே ஊதினால் அது ஏன் அசைய வேண்டும்? பலகையில் ஐந்து என்று போட்டு மூன்றாம் தொட்டியின் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. ஐந்தாம் தொட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செல்லையா உள்ளே இறங்கி ஆயிற்று.

ஓடினேன். ஐம்பதைத் தாண்டியவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். “அஞ்சுல ஆள எடுங்க, அஞ்சுல ஆள எடுங்க” என்று நான் கத்தியது விசிறிச் சத்தத்தில் எத்தனை பேர் காதில் விழுந்ததோ. ஐந்தாம் தொட்டியின் மேல் காவலுக்கு நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்து “செல்லையாண்ணே, செல்லையாண்ணே” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் இல்லை. காப்பாற்ற வேண்டும் என்று அவனும் ஒரு காலை உள்ளே விட்டுவிட்டான். பின்னால் வந்த ஜோஸ் சேட்டன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். நீயும்கூடச் சாகவேண்டாம் என்று மலையாளத்தில் கத்தினார். எல்லோரும் கப்பியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினோம். என் கையும் அதில் இருந்தது.

செல்லையா மூட்டை மாதிரி மேலே வந்தார். தலை தொங்கிக்கொண்டிருந்தது, உதடு கத்தரிக்காய் நிறம். தரையில் கிடத்தி ஜோஸ் சேட்டன் மார்பில் அழுத்தினார், வாயில் ஊதினார். சற்று முன் கருவியில் ஊதிய அதே மூச்சு. நான் என்ன செய்வதென்று தெரியாமல் செல்லையாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரும்பும் சேறும் ஒட்டிய பூட்ஸ். அது லேசாக ஆடியது. இருமினார், வாந்தி எடுத்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஐந்தாம் தொட்டியின் விசிறி பெல்ட் அறுந்து காலையிலேயே நின்றிருந்தது. மற்ற விசிறிகளின் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்துச் சிவப்பு காட்டத்தான் பலகை. அது பச்சையாக இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஜோஸ் சேட்டன் என் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில், “மேடம், இது எந்தா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அலுவலகத்தில் மேலே இருந்தவர்கள் ஆலைக்காரர்கள் வயரை மாற்றிச் செருகியிருப்பார்கள் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காலையில் ஐந்துக்குச் சரியாகச் சிவப்பு காட்டிய வயர் மத்தியானம் தானாக இடம் மாறுமா? வைத்தி சார் அதை ஏற்கவில்லை. ஆலையில் இருந்த அதே மெஷின் மாதிரி ஒன்றை வைத்து, அதே அளவு கருவிகளைப் பொருத்தி ஓட்டச் சொன்னார். ஷாநவாஸ் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்துவிட்டான், சொல்லச் சொல்லக் கேட்காமல். எத்தனை ஓட்டியும் பிழை வரவே இல்லை. கருவிகளைக் கூட்டினோம், வேலையை இரட்டிப்பாக்கினோம், மெஷினைத் திணறத் திணற அடித்தோம். எல்லாம் பச்சை, எல்லாம் சரி. ஷாநவாஸ் முகம் செத்துப்போயிருந்தது.

கடைசியில் வைத்தி சார் என்னைக் கூப்பிட்டார். “கோமதி, அன்னிக்கு அந்த நேரத்துல ஆலைல என்னெல்லாம் ஓடிண்டிருந்துது? ஒண்ணுவிடாம சொல்லு.”

“ஒண்ணும் ஓடல சார்” என்றேன். “ஷட்டவுன் இல்லையா. எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருந்தாங்க. பலகையே சும்மா தூங்கி வழிஞ்சுது.”

சொல்லிவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன். அவரும் என்னைப் பார்த்தார். டம்ளர்களை எடுத்து வைக்கச் சொன்னார். நாடகத்தில் எப்போதும் நிற்கிற மனிதர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் தொட்டி என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “நான் தூங்கறேன். நீங்க நடத்துங்கோ” என்றார். எத்தனை வருடம் அந்த நாடகத்தை ஆடியிருப்போம். நின்றுகொண்டு ஆடியதால் ஒரு தடவைகூட எங்களில் யாரும் தூங்கியதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

நான் “காலி” என்றேன். விழித்திருந்தவர்கள் சீட்டைக் கிழித்து ஆச்சு சொன்னோம். தூங்குகிறவரைப் புதிய முறைப்படி எழுப்பவில்லை. அவருடைய டம்ளரில் இருந்த காப்பியைக் கொட்டிக் கழுவி, மூன்றாம் தொட்டிக்காரனுக்காக மோர் ஊற்றினேன். வைத்தி சார் கண்ணைத் திறந்தார்.

“தூங்கறதுக்கு முன்னால நான் யாரு? அஞ்சாம் தொட்டியோட எண்ணைப் படிச்சுப் பலகைல காட்டறவன். இப்போ முழிச்சதும் யாரு? அதே ஆள்தான். வேலை மாறல. அப்போ சீட்டைக் கிழிக்கணுமா வேண்டாமா? நீ எழுதினதைப் பார்த்துச் சொல்லு ஷாநவாஸ்.”

ஷாநவாஸ் திரையில் தேடினான். வேறு வேலைக்கு எழுந்திருக்கும் கோர் சீட்டைக் கிழிக்கும்படி எழுதியிருந்தது. அதே வேலைக்கே எழுந்திருக்கும் கோருக்குக் கிழிக்க வேண்டிய அவசியமில்லை என்று, இன்னும் கொஞ்சம் வேகத்துக்காக, விட்டிருந்தது. அதைப் படித்தவர்கள் நாங்கள் எல்லோரும். “கிழிக்க மாட்டான் சார்” என்றான் கடைசியில். வைத்தி சார் தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். மோர்.

அப்படியானால் சோதனையில் ஏன் மாட்டவில்லை? அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி. எங்கள் பெயிண்டர் எந்தக் கோர் சும்மா இருக்கிறதோ அதன்மேல் ஏறிக்கொண்டு பூசும். அதனால் சோதனை மெஷினில் எந்தக் கோரும் தூங்கியதே கிடையாது. பிழையைப் பிடிக்க வைத்த காவல்காரனே அதை வெளியே வராமல் மறைத்துவிட்டான். பெயிண்டரை எடுத்துவிட்டு, கருவிகளையும் குறைத்து, மெஷினைச் சும்மா விட்டோம். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் திரையில் இரண்டு தொட்டிகளுக்கு ஒரே எண்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு முழுவதும் உறைத்தது. ஆலை முழுவீச்சில் ஓடும்போது பலகைக்கு ஓயாத வேலை, கோர்கள் தூங்காது, எண்கள் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அப்போது தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை. ஆலையை நிறுத்தினால்தான் ஆள் இறங்குவான். ஆலை நின்றால்தான் கோர்கள் தூங்கும், பலகை பொய் சொல்லும். உள்ளே மனிதன் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தவறுகிற ஒன்றை நாங்கள் செய்து, பிரியாணி வேறு சாப்பிட்டிருக்கிறோம். அப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு கொலைகாரன் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. ஷாநவாஸ் வெளியே போய்விட்டான். நான் பின்னாலேயே போய், நாம எல்லாரும் சேர்ந்துதானே படிச்சோம் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான், திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தி சார் அந்த வேக வழியை அடியோடு பிடுங்கிப் போட்டார். தூங்குகிற கோராக இருந்தாலும் எழுப்பி ஆச்சு வாங்கிய பிறகே பக்கம் கைமாறும். தொட்டிகளின் எண்களுக்கு மட்டும் தனித்தனியாக நிரந்தர இடம், யாருக்கும் கைமாறாது. மேலே இருந்தவர்கள் குதித்தார்கள். வேகத்தைக் காட்டித்தான் மற்ற ஆலைகளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதாதா என்றார்கள். வைத்தி சார் குரலைத் தாழ்த்தினார். “அந்த மனுஷர் திரும்ப உள்ள இறங்கணும். இறங்கலாமான்னு கேட்டா நீங்க வந்து பதில் சொல்றேளா?” எல்லா ஆலைகளுக்கும் அன்றே தகவல் போயிற்று, பலகையை நம்பி ஆளை இறக்கவேண்டாம் என்று.

திருத்திய கெர்னலோடு ஏலூருக்கு நானும் வைத்தி சாரும் போனோம். ஷட்டவுன் பாதியில் நின்றிருந்தது, ஐந்தாம் தொட்டி அப்படியே கிடந்தது. வேறு யாரையாவது இறக்குவார்கள் என்று நினைத்தேன். இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு வந்தவர் செல்லையா. இளைத்திருந்தார். நீங்கள் எதற்கு, வேறு ஆள் இல்லையா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கே கூரை வேலை நின்றுவிட்டது, இந்தத் தொட்டியின் அளவும் தனக்குத்தான் தெரியும் என்றார். கோபமே இல்லை அந்த மனிதருக்கு. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பலகை பச்சை காட்டியது. தொட்டி வாயிலும் பச்சை. செல்லையா விளக்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“பச்சையெல்லாம் இருக்கட்டும். நீங்க சொல்லுங்கக்கா. எறங்கலாமா?”

வைத்தி சாரைத் திரும்பிப் பார்த்தேன். என் வேலைக் காலம் முழுவதும் ‘சரியாகிவிட்டது, அனுப்பலாம்’ என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எதிரே ஒரு முகம் இருந்ததில்லை. ஜோஸ் சேட்டனிடம் அந்தப் பழைய கை மீட்டரைக் கேட்டு வாங்கினேன். கயிற்றில் கட்டி நானே உள்ளே இறக்கி, ஆழத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை பார்த்தேன். பலகையின் எண்ணும் அதன் எண்ணும் ஒன்றாக இருந்தன. விசிறியின் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்காத குறை. “எறங்குங்க தம்பி” என்றேன்.

இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். மேலே நிமிர்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, “பேசிக்கிட்டே இருங்கக்கா” என்றார்.

பேசினேன். எனக்கு யாரோடும் சட்டென்று பேச வராது. தோப்பும்படியில் மத்தி விற்கிற விலையைச் சொன்னேன், ஊரில் வீட்டுக்குக் கூரை ஓடா கான்கிரீட்டா என்று கேட்டேன். உள்ளேயிருந்து பதில்கள் இரும்பில் மோதிக் கரகரவென்று வந்தன. அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. தொட்டி வாயில் குப்புறக் குனிந்துகொண்டு “தம்பி, இருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டேன். “இருக்கேன்க்கா” என்று வந்தது. சுரண்டும் சத்தம். மறுபடி கேட்டேன். “இருக்கேன்.” மறுபடி. “இருக்கேன்.” பக்கத்தில் ஜோஸ் சேட்டன், அந்தப் பக்கம் வைத்தி சார், யாரும் அசையவில்லை.

ஒரு தடவை பதில் வரவில்லை. சுரண்டும் சத்தமும் நின்றுவிட்டது. விளக்கு பச்சையாகவே எரிந்தது. என் இரண்டு கையும் கயிற்றைப் பிடித்துவிட்டன, ஜோஸ் சேட்டன் கப்பியின் கைப்பிடிக்குப் பாய்ந்தார், வைத்தி சார் “செல்லையா” என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். உள்ளேயிருந்து ஒரு பெரிய தும்மல் கேட்டது.

“தும்மல் வந்துச்சுக்கா” என்றார் செல்லையா. “இருக்கேன்.”

கயிற்றை நான் விடவில்லை. அவர் வேலையை முடித்துவிட்டு மேலே ஏறிவந்து, போதும்க்கா விடுங்க என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.